மலச்சிக்கலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் ஒரே புள்ளியா? தியான்ஷு

[திரையில்: பழைய மரக்கதவின் அடிப்பக்கம், மெதுவாகத் திறக்கிறது]

இந்தக் கதவுல கீல் இல்ல, பாருங்க. மேலயும் கீழயும் ஒரு முளை, அது குழியில உட்கார்ந்து சுத்துது. நம்ம ஊர்ல இதைக் குடுமின்னு சொல்வோம். சீனத்துல ‘ஷு’. தொப்புளுக்குப் பக்கத்துல இருக்கிற ஒரு அக்குபங்சர் புள்ளிக்கு அந்தப் பேரைத்தான் வெச்சிருக்காங்க. தியான்ஷு, அதாவது வானத்தோட குடுமி.

சப்தரிஷி மண்டலத்துல நாம கிரதுன்னு சொல்ற நட்சத்திரத்துக்கும் சீனாவுல இதே பேருதான். தியான்ஷுவுக்கு மேல வானத்தோட சக்தி, கீழ மண்ணோட சக்தி, ரெண்டும் கலக்கிற இடத்துல மனுஷன்னு ‘ஹுவாங்டி நெய்ஜிங்’ங்கிற பழைய சீன மருத்துவ நூல் சொல்லுது. உடம்புல அந்த எல்லை தொப்புள் மட்டம்னு பின்னாடி வந்த உரைகாரர்கள் எடுத்துக்கிட்டாங்க.

[திரையில்: வயிற்றின் வரைபடம்]

இடம் எங்கன்னா, தொப்புளுக்கு ரெண்டு பக்கமும் 2 சுன். உங்க கட்டைவிரல் மூட்டோட அகலம்தான் 1 சுன். ஆளுக்கு ஆள் மாறும், அதனால சென்டிமீட்டர்ல சொல்ல மாட்டேன். இன்னும் நம்பகமான வழி ஒண்ணு இருக்கு. காறை எலும்போட, அதாவது கழுத்துக்குக் கீழ தோள் வரைக்கும் போற எலும்போட நடுவுல இருந்து நேரா கீழ ஒரு கோடு இழுங்க. அந்தக் கோட்டுக்கும் தொப்புளுக்கும் சரிபாதியில இந்தப் புள்ளி.

உடம்புல சக்தி ஓடுறதா சீன மருத்துவம் சொல்ற பாதைகள்ல, இது இரைப்பைப் பாதையோட 25-ஆவது புள்ளி. ஆனா பெருங்குடலோட ‘மு’ புள்ளியும் இதுதான், அதாவது அந்த உறுப்போட சக்தி வந்து சேர்ற இடம். அதனால அக்குபங்சர் செய்யறவங்க சிகிச்சைக்கு முன்னாடியே இங்க அழுத்திப் பார்த்து, இறுக்கமா இருக்கா, வலிக்குதான்னு கேட்பாங்க. குடுமி கதவைத் திறக்கவும் வைக்கும், மூடவும் வைக்கும். மலம் இறங்கலைன்னாலும், நிக்காம போனாலும், அவங்க கை வைக்கிறது இங்கதான். கூடச் சேர்க்கிற புள்ளிகளும் ஊசியைக் கையாள்ற விதமும்தான் மாறும்.

பலன் இருக்கா? சீனாவுல 15 மருத்துவமனைகள்ல, கடுமையான நாள்பட்ட மலச்சிக்கல் இருந்த 1,075 பேரை வெச்சு ஒரு ஆய்வு நடந்தது, 2016-ல வெளியாச்சு. 8 வாரத்துல 28 முறை, ஊசியில லேசான மின்சாரம் கொடுத்தாங்க. மருந்தில்லாம, வாரத்துக்கு சராசரியா 3 தடவையாவது முழுசா மலம் கழிச்சவங்க 31.3 சதவீதம். புள்ளி இல்லாத இடத்துல மேலோட்டமா ஊசி போட்டுக்கிட்டவங்கள்ல அது 12.1 சதவீதம்தான். இந்த வித்தியாசம் சின்னது இல்லைன்னுதான் நான் நினைக்கிறேன். ஆனா தியான்ஷுவோட வேற ரெண்டு புள்ளிகளும் சேர்ந்திருந்தது, ஊசி குத்தின மருத்துவர்களுக்கு எது நிஜ சிகிச்சை, எது போலின்னு தெரியும். வயிற்றுப்போக்குக்கு இந்த ஆய்வு எதையும் நிரூபிக்கல.

வீட்டுல செய்யணும்னா, சாப்பிட்ட உடனே வேண்டாம். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்க, வயிறு தளரும். மூணு விரலால, மூச்சு விடும்போது மெதுவா அழுத்துங்க, இழுக்கும்போது விடுங்க. ஊசியை நீங்களா தொடவே கூடாது, ஒல்லியானவங்களுக்கு உள்ள குடல் ரொம்பப் பக்கத்துல இருக்கு. கர்ப்பிணிகள் இதை விட்டுடுங்க. மலத்துல ரத்தம், காரணமில்லாம எடை குறையறதுன்னா முதல்ல டாக்டர்.

இன்னொண்ணு. குடல்வால் அழற்சி பெரும்பாலும் தொப்புளைச் சுத்தித்தான் வலிக்க ஆரம்பிக்கும், அப்புறம் வலப்பக்கம் கீழ இறங்கும். உங்களுக்கு இப்போ அப்படி இருந்தா எதையும் அழுத்தாதீங்க, வீடியோவை நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.