கலைஞருக்குக் காசு போவதில்லையா? அப்படியென்றால் பைரசி சரியா?

"எப்படியும் கலைஞருக்குக் காசு போய்ச் சேருவதில்லை, அப்புறம் நான் ஏன் கொடுக்கணும்?" பைரசி பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். எரிச்சலூட்டும் கேள்விதான், ஆனால் பாதி உண்மை.

[திரையில்: சந்தா, நிறுவனம், லேபிள், பாடகர்]

ஸ்பாட்டிஃபையில் நீங்கள் மாதம் முழுக்க ஒரே பாடகரைக் கேட்டாலும் உங்கள் சந்தா அவருக்கு மட்டும் போகாது. எல்லாருடைய சந்தாவும் விளம்பர வருமானமும் ஒன்றாகச் சேரும், நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும், மிச்சத்தை மொத்தக் கேட்பில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று பார்த்துப் பிரிப்பார்கள், அதுவும் பெரும்பாலும் லேபிளுக்கு, அதாவது பாட்டை வெளியிடும் இசை நிறுவனத்துக்குப் போய், ஒப்பந்தப்படி கழிக்க வேண்டியதெல்லாம் கழிந்த பிறகுதான் பாடகரிடம் வரும். 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறைகூடக் கேட்கப்படாத ஒலிப்பதிவுக்கு அங்கே ராயல்டியே கிடையாது.

கோபம் நியாயம்தான். சரி, காசு கொடுக்காமல் டோரண்டில் இறக்கினால் இதில் எது மாறுகிறது? லேபிளின் ஒப்பந்தம் அப்படியேதான் இருக்கிறது. நீங்கள் கேட்டது மட்டும் கணக்கில் வராமல் போகிறது. அடுத்த ஒப்பந்தத்தில் பேரம் பேச ஓர் அறிமுகப் பாடகரிடம் இருப்பதே அந்தக் கணக்கு ஒன்றுதான்.

[திரையில்: 2023, ஹாலிவுட் வேலைநிறுத்தம்]

ஹாலிவுட் எழுத்தாளர்களுக்கு இது நன்றாகவே தெரியும். 2023இல் 148 நாள் வேலையை நிறுத்தினார்கள். ஓடிடியில் தங்கள் தொடரை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதே அவர்களுக்குச் சொல்லப்படாமல் இருந்தது. கடைசியில் பார்வை நேர விவரத்தை எழுத்தாளர் சங்கத்திடம் ரகசியமாகத் தரவும், நன்றாக ஓடும் தொடர்களுக்குக் கூடுதல் தொகை தரவும் நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. திருட்டுத்தனமாகப் பார்க்கப்பட்டது எதுவும் அந்த விவரத்தில் ஏறாது.

எல்லாப் பைரசியும் ஒன்றுதான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆய்விதழ்கள் கட்டுரை எழுதியவருக்குப் பொதுவாகப் பணமே தருவதில்லை, அங்கே 'எழுதியவர் வயிற்றில் அடிக்காதே' என்ற வாதம் எடுபடாது. (அவருக்கே ஒரு மின்னஞ்சல் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சந்தோஷமாக அனுப்பிவிடுவார்.) எங்கேயுமே விற்பனைக்கு இல்லாத பழைய படமும் அப்படித்தான், விற்காத பொருளில் என்ன நட்டம்?

மற்றபடி, ரொம்பப் பிடித்தவர்களிடம் நேரடியாக வாங்குங்கள். கலைஞர்கள் தங்கள் இசையை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளம் டிஜிட்டல் விற்பனையில் பொதுவாக 15 சதவீதம்தான் எடுக்கிறது, பணம் செலுத்தும் கட்டணமும் போக மிச்சம் விற்பவருக்கு. கையில் காசே இல்லையா, நூலகத்துக்குப் போங்கள். டென்மார்க்கில் 1946 முதலே நூலகப் புத்தகங்களுக்காக எழுத்தாளருக்குத் தொகை தருகிறார்கள். பிரிட்டனில் இரவல் எண்ணிக்கையைக் கணித்துத் தருகிறார்கள். இரவலை இப்படிக் கணக்கிடும் நாடுகளில், நீங்கள் ஒரு பைசா கொடுக்காமல் படித்தாலும் அது எழுதியவர் கணக்கில் ஏறும்.