வணிகத் தடை: வலி யாருக்கு?

நேயர்களுக்கு வணக்கம். டர்பன், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் என்று எந்த ஊரிலிருந்து கேட்டாலும், இன்றைய பேச்சு உங்கள் வீட்டுக் கதையையும் தொட்டுத்தான் போகும்.

ஒரு நாட்டுக்குப் பொருள் விற்பதையும் அங்கிருந்து வாங்குவதையும் இன்னொரு நாடு சட்டம் போட்டு நிறுத்துவதுதான் வணிகத் தடை. எல்லாச் சரக்குக்கும் போடலாம். ஆயுதம், எண்ணெய் என்று சிலவற்றுக்கு மட்டும் போடலாம். இறக்குமதி வரி வேறு. வரியைக் கட்டினால் சரக்கு வந்துவிடும்.

நம் தென்னாப்பிரிக்காவோடு முதலில் வணிகத்தை முறித்தது இந்தியா. 1946இல் இங்கே பிரதமர் ஸ்மட்ஸின் அரசு, இந்தியர் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று வரம்பு கட்டிச் சட்டம் போட்டது. ‘கெட்டோ சட்டம்’ என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதுதான். டாக்டர் மான்ட்டி நாயக்கர் தலைமையில் நம்மவர்கள் டர்பனில் அம்பிலோ சாலையும் கேல் தெருவும் சந்திக்கும் முனையில் கூடாரம் அடித்துச் சிறைக்குப் போனார்கள். அந்த ஜூலையில் இந்தியா வணிகத்தை நிறுத்தியது. அப்போது அது விடுதலைகூடப் பெறவில்லை; தன் ஏற்றுமதியில் 5 விழுக்காட்டுக்கு மேல் வாங்கிய சந்தையை விட்டுக்கொடுத்தது.

அடி நமக்கும் விழுந்தது. சேலை, குத்துவிளக்கு, பூசைச் சாமான் எல்லாம் வேறு நாடு சுற்றி, விலை ஏறித்தான் டர்பனில் நம்மவர் கடைகள் இருந்த கிரே தெருவுக்கு வந்தன. காவடிக்கு வாங்கிய கற்பூரத்தில் நாலு மிளகைப் போட்டு, தகர டப்பாவில் இறுக மூடிவைப்பார் என் ஆயா, காற்றில் கரைந்துவிடக் கூடாதென்று. ஆனால் இந்தியா இப்படிச் செய்துவிட்டதே என்று அவர் ஒரு நாளும் குறைப்பட்டதில்லை.

தடையைப் பற்றி எனக்குள்ள கருத்தே இதுதான்: யாருக்காகப் போடுகிறோமோ அவர்கள் அதைக் கேட்டிருக்க வேண்டும். நம் நாட்டு நிறவெறி ஆட்சி மீது தடை போடச் சொன்னபோது, ‘தடையால் கறுப்பின மக்கள்தான் பட்டினி கிடப்பார்கள்’ என்று பிரிட்டிஷ் பிரதமர் தாட்சர் வாதாடினார். அவர் பதவிக்கு வர இருபது ஆண்டு முன்பே, ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் தலைவர் ஆல்பர்ட் லுத்துலி அதற்கு விடை சொல்லிவிட்டார்: கஷ்டம் வரும், தெரியும், இரத்தம் சிந்தும் காலம் குறையுமானால் அந்த விலையைக் கொடுக்கத் தயார் என்று.

1990இல் குவைத்துக்குள் புகுந்த இராக் மீது ஐ.நா. போட்ட தடையில் இராக் மக்களை யாரும் கேட்கவில்லை. ஆட்சியாளர் அசையவில்லை, குழந்தைகளுக்கு மருந்தில்லை. அங்கே ஐ.நா. நிவாரணப் பணிக்குப் பொறுப்பேற்றிருந்த டெனிஸ் ஹாலிடே 1998இல் மனம் பொறுக்காமல் பதவி விலகினார். நம் மீது விழுந்த தடையையும் இராக் மீது விழுந்த தடையையும் ஒரே பெயரால் அழைக்கவே எனக்குக் கூசுகிறது.

ஓட்டை இல்லாத தடையும் கிடையாது. அரபு நாடுகள் 1973இல் நமக்கு எண்ணெயை நிறுத்தின. ஈரான் மன்னர் 1979 வரை விற்றுக்கொண்டே இருந்தார். அவர் போனதும் கள்ளக் கப்பல்கள். ‘சேலம்’ என்றொரு எண்ணெய்க் கப்பல். நம் சேலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குவைத்தில் ஏற்றிய எண்ணெயில் பெரும்பகுதியை, பெயரை மாற்றிக்கொண்டு, இதே டர்பன் கடலில் இறக்கியது. பிறகு 1980 ஜனவரியில் செனகல் கரைக்கப்பால் வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்டது, எண்ணெயும் கடலோடு போயிற்று என்று கணக்குக் காட்ட. இப்படி வாங்கிய எண்ணெய்க்குச் சந்தை விலைக்கு மேல் கொட்டிக்கொடுத்தார்கள். நிலக்கரியிலிருந்து எண்ணெய் எடுக்கும் சாசோல் ஆலைகளுக்கும் பணம் கொட்டினார்கள். ஓட்டை வழியே வந்தாலும் ஒவ்வொரு பீப்பாயும் அரசின் கஜானாவைக் கரைத்தது. 1985இல் சேஸ் மன்ஹாட்டன் வங்கி நம் நாட்டுக்குக் கொடுத்த கடனைப் புதுப்பிக்க மறுத்தபோது நம் நாணயமான ராண்ட் சரிந்தது; செப்டம்பரில் அரசு கடன் தவணையையே நிறுத்திவைத்தது.

தடையை எடுப்பதிலும் ஒரு முறை வேண்டும். எப்போது எடுக்கலாம் என்பதையும், கேட்டவர்களே சொன்னார்கள். 1993 செப்டம்பர் 24 அன்று மண்டேலா ஐ.நா.வில் நின்று, பொருளாதாரத் தடைகளை இனி நீக்கலாம் என்றார். நவம்பரில் இந்தியா தூதரக உறவைப் புதுப்பித்தது. ஆயுதத் தடையை மட்டும் அப்போது யாரும் தொடவில்லை. ஏப்ரலில் நாம் எல்லோரும் வரிசையில் நின்று வாக்களித்த பிறகு, 1994 மே 25 அன்றுதான் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் அதை எடுத்தது.