"ஊதச் சொல்றாங்க, சுற்றி வாங்க"

வணக்கம் நண்பர்களே. ஏலகிரிப் பயணத்தின் இரண்டாம் பகுதியை இந்த வாரம் தருவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம் வரும். போன ஞாயிற்றுக்கிழமை நீலாங்கரையில் நடந்த எங்கள் குடும்பத் திருமண வரவேற்பைப் பற்றிப் பேசாமல் வேறு எதையும் பேச எனக்கு மனம் வரவில்லை.

இரவு பத்தரை மணிக்கு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. "திருவான்மியூர் சிக்னல்ல ஊதச் சொல்றாங்க, உள்தெரு வழியா சுற்றி வாங்க." அதன் கீழே வரிசையாகக் கைகூப்பிய பொம்மைகள், நன்றிகள். வீட்டில் யாருக்காவது சளி பிடித்தால் ஆளுக்கொரு கஷாயம் சொல்லும் அதே பெரியவர்கள், குடித்துவிட்டு வண்டி எடுப்பவரிடம் "எடுக்காதே" என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. அவர் பிடிபடாமல் வீடு போய்ச் சேர வழி காட்டினார்கள். பிடிபடுவதுதான் அவமானம், குடித்து ஓட்டுவது அவமானம் இல்லை என்று ஒரு குடும்பமே முடிவு செய்துவிட்டதைப் படிக்கப் படிக்க எனக்கு ஆத்திரம் வந்தது.

இதற்கு நடுவில் நான் ஒரு நல்ல காரியம் செய்தேன். என் பெரிய மாமாவுக்கு ஆக்டிங் டிரைவர் ஏற்பாடு செய்தேன். செலவுக் கணக்கைச் சொல்லாமல் நான் விடமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும், அதனால் முழுவதையும் சொல்கிறேன். குறைந்தபட்சம் நான்கு மணி நேரத்துக்கு 600 ரூபாய். பத்து மணிக்கு மேல் போனால் இரவுப்படி 200. மாமாவை மயிலாப்பூரில் இறக்கிவிட்ட பிறகு அவர் தம் வீட்டுக்குத் திரும்ப ஆட்டோவுக்கு 150. ஆக 950 ரூபாய். முதலில் அவர் 1,100 கேட்டார். மண்டபத்திலேயே இரவுச் சாப்பாடு உண்டு என்று நான் சொன்னதும் குறைத்துக்கொண்டார். இந்த 950 ரூபாயை மாமாவிடம் ஒப்புக்கொள்ள வைக்கத்தான் எனக்கு அரை மணி நேரம் ஆனது. "ரெண்டே பெக்தாம்மா, நான் ஸ்டெடியா இருக்கேன், முப்பது வருஷமா ஓட்டுற கை இது" என்றார். பிள்ளையார் சாவிக்கொத்தைக் கைக்குள் மூடி வைத்துக்கொண்டு கொடுக்கவே இல்லை. கடைசியில் அத்தை வந்து எதுவும் பேசாமல் கையை நீட்டினார்கள், சாவி வந்துவிட்டது.

அந்த ரெண்டு பெக் பற்றிச் சட்டம் சொல்வதையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் அது குற்றம். இரண்டு பெரிய பெக் பெரும்பாலானவர்களை அந்த அளவைத் தாண்டவைத்துவிடும். ஸ்டெடியாக இருக்கிறோமா என்பதை அந்தக் கருவி கேட்பதில்லை. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்பு இந்த அபராதம் 2,000 ரூபாயாக இருந்தது.

ஐந்து மடங்கு ஏற்றியும் குடும்பக் குழுவில் வரும் செய்தி மாறவில்லையே, ஏன்? சோதனை எங்கே நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் பத்தாயிரம் என்ன, பத்து லட்சம் என்றாலும் பயம் வராது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1982 டிசம்பரில் ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். எந்தச் சந்தேகமும் இல்லாமலே, எந்த ஓட்டுநரையும் நிறுத்தி ஊதச் சொல்லலாம். அதைப் பரவலாக நடத்தி, விடாமல் விளம்பரமும் செய்தார்கள். சாலைச் சாவுகள் குறைந்தன. இன்று இரவு என்னையும் நிறுத்துவார்கள் என்ற எண்ணம் வந்தால் அபராதத் தொகையை யாரும் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஜப்பான் செய்ததுதான். அவர்களுடைய ரத்த ஆல்கஹால் வரம்பும் நம்முடைய அதே 30 மில்லிகிராம்தான் என்பதைக் கவனியுங்கள். 2006 ஆகஸ்டில் ஃபுகுவோகா நகரில், குடித்திருந்த மாநகராட்சி ஊழியர் ஒருவர் பின்னாலிருந்து மோதியதில், பாலத்திலிருந்து ஒரு குடும்பத்தின் கார் கடலுக்குள் விழுந்து மூன்று குழந்தைகள் இறந்தார்கள். நாடே கொதித்தது. மறு ஆண்டு சட்டத்தைத் திருத்தி, குடித்தவருக்கு வண்டி கொடுத்தவர், ஓட்டப்போகிறார் என்று தெரிந்தே மது கொடுத்தவர், தெரிந்தே கூட ஏறிப்போனவர் என்று எல்லோரையும் குற்றவாளிகளாக்கினார்கள். வண்டி கொடுத்தவருக்கு, ஓட்டியவருக்கு உள்ள அதே தண்டனை. 2000ஆம் ஆண்டில் அங்கே 1,200க்கு மேல் இருந்த, குடிபோதையால் நேர்ந்த உயிரிழப்பு விபத்துகள், இப்போது 200க்கும் கீழே வந்துவிட்டன. குடித்தவரின் காரை ஓட்டிக்கொண்டுபோய் வீட்டில் விட ஆள் அனுப்பும் தொழில் அங்கே ஊர் ஊராக நடக்கிறது.

ஒன்றை முன்பே சொல்லியிருக்க வேண்டும், விட்டுப்போய்விட்டது. நம் சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. 188ஆம் பிரிவு, குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவரையும் தண்டிக்கிறது. 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை, குடித்தவர் ஓட்டும் வண்டியில் கூட வருபவர்களுக்கும் அபராதம் என்று இதை வைத்துத்தான் அறிவித்தது. அப்போது பலர் "நான் குடிக்கவே இல்லையே, எனக்கு எதற்கு" என்று கோபப்பட்டார்கள். எனக்கு அந்த அறிவிப்பு முழுக்கச் சரி என்றே பட்டது. பின்சீட்டில் ஏறி உட்காருகிற தம்பிதான் "வேண்டாம்ணா, சாவியைக் குடு" என்று சொல்லக்கூடிய கடைசி ஆள்.

டாஸ்மாக் பாரின் வாசலைக் கடந்து போகும்போது ஒரு முறை நின்று பாருங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்தபடி வரிசையாக பைக்குகள் நிற்கும், சிலவற்றின் கண்ணாடியில் ஹெல்மெட் தொங்கும். உள்ளே போனவர்கள் எதில் வீட்டுக்குத் திரும்புவார்கள் என்று பார் நடத்துபவருக்குத் தெரியும், பக்கத்துப் பெட்டிக்கடைக்காரருக்குத் தெரியும், அந்த வழியாகப் போகிற நமக்கும் தெரியும். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; அந்த வழக்கின் பின்னால் இருந்தவர் நம் ஊர் வழக்கறிஞர் கே.பாலு. நான் மதிக்கிற தீர்ப்பு அது. ஆனால் பிறகு வரம்புகள் தளர்த்தப்பட்டன, பல இடங்களில் சாலையின் வகையையே மாற்றிக் கடைகளைக் காப்பாற்றினார்கள். கடையைத் தள்ளி வைத்தாலும் வாசலில் நிற்கும் பைக்கை யாரும் கேட்கவில்லை.

சரி, மாமா கதைக்கு வருகிறேன். முன்சீட்டில் உட்கார்ந்து வழி நெடுகக் காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தாராம்; திருவான்மியூரில் காவலர் நிறுத்தியபோது டிரைவர் ஊதினார், பூஜ்யம் காட்டியது, போகச் சொல்லிவிட்டார்கள். உள்தெருவில் சுற்ற வேண்டிய வேலையே இல்லை. மறுநாள் காலை மாமா அந்த டிரைவரின் எண்ணை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆவணியில் சித்தப்பா மகள் கல்யாணம் வருகிறது. மண்டபம், சமையல், பூ என்று போடும் பட்ஜெட்டில் டிரைவர்களுக்கும் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன், சித்தப்பா ஆறு பேருக்கு ஒத்துக்கொண்டார். மதுரை, கோவை, திருச்சிப் பக்கம் இரவு நேரத்தில் ஆக்டிங் டிரைவருக்கு என்ன வாங்குகிறார்கள் என்று கீழே எழுதுங்கள். இரவுப்படியைத் தனியாகக் குறிப்பிடுங்கள், அதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம் இருக்கும் என்று நினைக்கிறேன்.