காதில் விழுகிறது, ஆனால் புரியவில்லை என்கிறாரா அப்பா?

சரி, அடுத்த கேள்வி. குடியாத்தத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “சார், அப்பாவுக்கு 68 வயது. நாங்கள் பேசுவது காதில் விழுகிறதாம், என்ன பேசுகிறோம் என்றுதான் புரியவில்லையாம். டிவி சத்தத்தைக் கூட்டினாலும் அதே கதைதான். வேண்டுமென்றே செய்கிறாரா?”

இல்லை தம்பி, அப்பா சொல்வது நிஜம். இதைத் தோண்டிப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருந்தவர் ஹார்வி பிளெட்சர் என்ற அமெரிக்கர். படித்தது இயற்பியல், எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்த இயற்பியலாளர் மில்லிகனின் எண்ணெய்த் துளிப் பரிசோதனையில் கூட இருந்து வேலை பார்த்தவர், அப்புறம் 1916-ல் பெல் டெலிபோன் குழுமத்தின் ஆய்வு வேலைக்குப் போய் 1949 வரை அங்கேயே இருந்துவிட்டார். டெலிபோன்காரர்களுக்கு ஒரே கவலை, பேச்சில் எந்தப் பகுதியை வெட்டினால் பரவாயில்லை, எதை வெட்டினால் எதிர்முனைக்குப் புரியாது என்பது. அதனால் அர்த்தமே இல்லாத அசைகளை ஒருவர் வாசிக்க, இன்னொருவர் கேட்டதை எழுத வேண்டும். தெரிந்த சொல்லைக் கொடுத்தால் பாதி கேட்டதுமே மீதியை மூளை நிரப்பிவிடும், அப்புறம் காதை எப்படி அளப்பது? எனக்கு ரொம்பப் பிடித்த யுக்தி இது.

இப்படிப் பார்த்துப் பார்த்துத் தெளிவான விஷயம்: பேச்சின் சத்தமெல்லாம் பெரும்பாலும் உயிரெழுத்தில், கீழ் அதிர்வெண்ணில், அதாவது கட்டையான சுருதியில், இருக்கிறது. சொல்லைப் பிரித்துக் காட்டுவதோ ச, த, க போன்ற மெலிந்த மெய்யொலிகள், அவற்றில் பல மேல் அதிர்வெண்ணில், அதாவது கீச்சான சுருதியில்.

வயதானால் முதலில் தேய்வது அந்த மேல் பக்கம். பஸ்ஸில் கண்டக்டர் “சத்துவாச்சாரி, சத்துவாச்சாரி” என்று கத்தும்போது அப்பாவுக்கு ஆ, ஈ என்று இழுவை மட்டும் கேட்கும். ‘காசு’ என்றால் ‘காது’ என்று எடுத்துக்கொள்வார், நீங்கள் சிரிப்பீர்கள், அவருக்குக் கோபம் வரும். கத்திப் பேசினால் ஏற்கனவே கேட்கிற உயிரெழுத்துதான் இன்னும் பெரிதாகும், காது கூசும்.

டிவியை அணைத்துவிட்டு, முகம் தெரியும்படி எதிரே உட்கார்ந்து, கொஞ்சம் நிதானமாகப் பேசுங்கள். உதட்டைப் பார்த்தே ப எது, த எது என்று பாதி பிடித்துக்கொள்வார். டெஸ்டுக்குப் போகும்போது, பீப் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், சொற்களைச் சொல்லச் சொல்லிப் பார்க்கிற பேச்சுப் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள், காது மெஷின் எவ்வளவு உதவும் என்று அதில் ஓரளவு தெரிந்துவிடும். ஒரு காது மட்டும் திடீரென்று அடைத்துக் கேட்காமல் போனால் அது வேறு, அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள்.