பாடிக் கறக்கிற மாடு

(எங்கள் வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் பேசியதை நானே எழுதி வைத்தது. கைதட்டிய இடங்களைக் குறிக்கவில்லை, அடக்கம்தான் காரணம்.)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, குத்துவிளக்கு ஏற்றிவைத்த பேராசிரியர் அம்மா அவர்களே, இந்த மண்டபத்தை வாடகையே வாங்காமல் கொடுத்திருக்கிற ஐயா அவர்களே, அவர் வாடகை வாங்கவில்லை என்பதை இதுவரை மூன்று முறை சொல்லிவிட்ட செயலாளர் அவர்களே, மழையையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கிற பெரியோர்களே, முறுக்கு வரும்வரை உட்கார்ந்திருப்பது என்று முடிவோடு வந்திருக்கிற தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம், போன வருஷம் விட்டதற்கே இன்னும் ஒருவர் என்னோடு பேசுவதில்லை.

எனக்குக் கொடுத்த தலைப்பு: மனதுக்குப் பிடித்த ராக் இசைக்குழு கூப்பிட்டால், ரசிகன் அவர்களிடம் வேலைக்குப் போவானா? இதில் மூன்று விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, போவானா. இரண்டு, போனால் என்ன ஆகும். மூன்று, ரசிகன் நல்ல வேலைக்காரனா. முதல் கேள்விக்குப் பதில் சுலபம். ஓடுவான், செருப்பைக்கூட மாட்டிக்கொள்ளாமல் ஓடுவான். நம் ஊரில் சொல்வார்களே, ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்று. ரசிகன் இருக்கிறானே, அவன் பாடிக் கறக்கிற மாடு.

இங்கிலாந்தில் லிவர்பூல் என்று ஒரு துறைமுக ஊர். அங்கே 1962இல் மால் எவன்ஸ் என்று ஒருவர் இருந்தார். ஆறடிக்கு மேல் உயரம், தபால் இலாகாவில் தொலைபேசி இன்ஜினியர். அரசாங்க உத்தியோகம் ஐயா! கல்யாணமாகி மனைவி, குழந்தை. மதியம் சாப்பாட்டு இடைவேளையில் நடந்து போகிறவர் காதில், ஒரு நிலவறைக்குள்ளிருந்து பாட்டுச் சத்தம் விழுகிறது. கேவர்ன் கிளப். உள்ளே பாடிக்கொண்டிருந்தது பீட்டில்ஸ், பின்னால் உலகமே கொண்டாடிய நான்கு பேர் ராக் குழு. அன்றைக்குப் போனவர் போனவர்தான். தினமும் வந்து நிற்கிற இந்த மலையைப் பார்த்து, வாசலில் காவலுக்கு நில்லேன் என்று குழுவில் கிடார் வாசிக்கிற ஜார்ஜ் ஹாரிசன் யோசனை சொன்னார். சும்மா பார்க்க வருகிறவனுக்குச் சம்பளமும் கொடுத்தால் கசக்குமா?

இப்போது கதைக்கு வருகிறேன். தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. 1963 ஜனவரி. இங்கிலாந்தையே உறைய வைத்த குளிர்காலம் அது. குழுவின் வேனை வழக்கமாக ஓட்டுகிற நீல் ஆஸ்பினாலுக்குக் காய்ச்சல். மால், நீ ஓட்டு என்றார்கள். லண்டனில் வேலை முடித்து ராத்திரியில் லிவர்பூல் திரும்புகிறார்கள், முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். வழியில் ஒரு கல் தெறித்து, முன்கண்ணாடி முழுக்க சிலந்தி வலை மாதிரி விரிசல். பாதை தெரியவில்லை. மால் என்ன செய்தார்? கையால் குத்தினார், கண்ணாடியைத் தட்டித் தள்ளிவிட்டு அப்படியே ஓட்டினார்! பனிக்காற்று நேராக மூஞ்சியில். தலையில் ஒரு காகிதப் பையை மாட்டி, கண்ணுக்கு மட்டும் கிழித்துக்கொண்டு வங்கிக் கொள்ளைக்காரன் மாதிரி ஓட்டினார் என்பது கதை. பின்னால் நான்கு பேரும் ஒருவர் மேல் ஒருவராகப் படுத்துக்கொண்டார்கள், இட்லித் தட்டு மாதிரி. மேலே இருப்பவன் விறைத்துப் போனால் அவன் அடிக்கு வருவான், அடுத்தவன் மேலே. நடுவில் ஒரு விஸ்கி பாட்டில் சுற்றுகிறது. (மதுவிலக்குக் குழுத் தோழர்கள் மன்னிக்கவும், உள்ளதைச் சொல்கிறேன்.) ஊர் வந்து சேர்ந்தார்கள். மறுநாளே வேனில் புதுக் கண்ணாடி! எங்கே வாங்கினார், எப்போது மாட்டினார் என்று நீலுக்கே ஆச்சரியம். சம்பளத்துக்கு வேலை செய்கிறவன், கண்ணாடிக்கு யார் பணம் தருவார்கள் என்று முதலில் கேட்டிருப்பான்.

அந்த வருஷமே அரசாங்க உத்தியோகத்தை விட்டுவிட்டு முழுநேரம் அவர்களோடு போய்விட்டார். வண்டி ஓட்டினார், பெட்டி தூக்கினார், தேநீர் வாங்கிவந்தார். ஒரு பாட்டின் ஒத்திகையில் சம்மட்டி தட்டியதுகூட அவர்தான். நம் கண்ணுக்கு இது சொர்க்கம். ஆனால் 1969இல், குழு உலகப் பணக்காரர்களாகிவிட்ட பிறகு, கையில் காசில்லை என்று நாட்குறிப்பில் எழுதுகிறார் இதே மால். 1976 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸில், மனம் உடைந்து கையில் துப்பாக்கியோடு இருந்தவரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. வயது நாற்பது. பாடிக் கறந்தார்கள், கறந்து முடித்தார்கள்.

எல்லோருக்கும் இப்படி ஆகவில்லை, உண்மைதான். காய்ச்சலில் படுத்தாரே நீல், அவர் கணக்காளர் பயிற்சியை விட்டு வேன் ஓட்ட வந்தவர். பிறகு அவர்களுடைய ஆப்பிள் நிறுவனத்தையே (கம்ப்யூட்டர் ஆப்பிள் இல்லை, இது பாட்டு ஆப்பிள்) 2007 வரை நடத்தினார். ஃப்ரீடா கெல்லி என்று ஒரு பெண், பதினேழு வயதில் தட்டச்சு வேலையை விட்டு ரசிகர் மன்றச் செயலாளராக வந்தார். ரசிகர் கடிதங்களுக்குத் தன் வீட்டு விலாசத்தையே கொடுத்துவிட்டார், பாவம், வந்து குவிந்த தபாலில் வீட்டு பில்லே காணாமல் போகிறது என்று அப்பா கத்தினார். ஒரு பெண் தலையணை உறை அனுப்பி, குழுவில் டிரம்ஸ் வாசிக்கிற ரிங்கோ இதில் தலை வைத்துத் தூங்க வேண்டும் என்று கேட்டதற்கு, ரிங்கோவின் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்து, நிஜமாகவே தூங்க வைத்துத் திருப்பி அனுப்பினார். பீட்டில்ஸ் முடி என்று வேறு யாருடைய முடியையோ உறையில் போட்ட உதவியாளர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ரசிகையை இன்னொரு ரசிகை ஏமாற்றலாமா? மூன்றாவது கேள்விக்கு இதில் கொஞ்சம் பதில் இருக்கிறது, விரிவாகப் பிறகு வருகிறேன்.

பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2012இல் அமெரிக்கப் பாடகி அமாண்டா பால்மர், ரசிகர்களிடம் இணையத்தில் கையேந்தி ஏறத்தாழ 12 லட்சம் டாலர் திரட்டினார். கொடுத்தவர்கள் சுமார் 25,000 பேர். அது தப்பில்லை, பிடித்ததால் கொடுத்தார்கள். அப்புறம் சுற்றுப்பயணம் கிளம்பும்போது, ஊர் ஊருக்கு வயலின், ட்ரம்பெட் வாசிக்கத் தெரிந்த ரசிகர்கள் மேடைக்கு வாருங்கள், பீர் உண்டு, கட்டிப்பிடிப்பு உண்டு என்று அறிவித்தார். சம்பளம்? அது இல்லை. தொழில்முறைக் கலைஞர்கள் கொதித்துப் போனார்கள். ஆனால் வாசிக்க ஆள் வராமல் இல்லை, அதைக் கவனியுங்கள்! கடைசியில் கூச்சல் தாங்காமல் சம்பளம் கொடுத்தார்.

என் கதையும் அதுதான். கல்லூரி நாளில் ஒரு மெல்லிசைக் குழுவுக்குப் பின்னால் ஒரு வருஷம் ஸ்பீக்கர் பெட்டி தூக்கினேன். பேட்டா கேட்டால், உனக்குத்தான் பாட்டென்றால் உயிராச்சே தம்பி என்பார்கள். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை. விடியற்காலை பேருந்துக்குக் காசில்லாமல் நடந்து வந்திருக்கிறேன். பாடிக் கறக்கிற மாட்டுக்கும் ராத்திரி வைக்கோல் போட வேண்டாமா?

ஆகவே, நான் ஆறு மாதமாகப் போகிற கூட்டமெல்லாம் சொல்வதை இங்கேயும் சொல்கிறேன். நம் ஊரில் எந்தக் கச்சேரியானாலும் சரி, கோயில் விழாவானாலும் சரி, மைக்செட்காரர், லைட் கட்டுகிறவர், ஜெனரேட்டர் பக்கத்தில் தூங்காமல் இருக்கிற பையன், எல்லோருக்கும் கூலி இவ்வளவு என்று முதலில் சீட்டில் எழுத வேண்டும், நிகழ்ச்சி முடிந்த அன்று ராத்திரியே கையில் கொடுக்க வேண்டும். ரசிகன் என்று வந்து நிற்கிறவனுக்கும் அதே கூலி. மண்டபத்து ஐயா வாடகை வாங்காதது பெருந்தன்மை, அவர் கொடுக்க முடியும், கொடுத்தார். இதோ இந்த மைக் வைத்த தம்பிக்கு இன்றைக்கு எவ்வளவு பேசியிருக்கிறோம்? செயலாளர் தரையைப் பார்க்கிறார்.

மூன்றாவது கேள்விக்கு நேரமில்லை, துண்டுச் சீட்டு வந்துவிட்டது. பின்வாசலில் டீ கேன் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், கூலி விஷயத்தில் நான் சொன்னதற்குச் சம்மதம் என்றால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன், போன கூட்டத்தில் இரண்டு பேனா போய்விட்டது. முதல் பக்கத்தில் முதல் வரியைத் தலைவர் அவர்களுக்காக விட்டு வைத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.