ஆறு பேர் திரும்பி வரல, ஏழு பேர் சேர்ந்து நின்னாங்க

நடுவர் அவர்களே, சபைக்கு வணக்கம். "கல்லூரி ஃப்ராட்டர்னிட்டி மாணவனுக்குத் துணையா, தொல்லையா?" இதுதான் தலைப்பு. ஃப்ராட்டர்னிட்டின்னா அமெரிக்கக் கல்லூரிகள்ல மாணவர்கள் அண்ணன் தம்பி மாதிரி சேர்ந்து நடத்தற சங்கம், அது துணைதான்னு பேச வந்திருக்கேன். எனக்கு முன்னாடி பேசின எதிரணி அண்ணன், அமெரிக்கால ஃப்ராட்டர்னிட்டின்னாலே குடி, கும்மாளம், ராகிங், பணக்கார வீட்டுப் பசங்க கூடாரம்னு அடிச்சு சொல்லிட்டு உக்காந்தாரு. அண்ணே, அது நடக்கறதுதான், நான் மறுக்கல. ஆனா அதை மட்டும் வெச்சு தீர்ப்பு எழுதிடாதீங்க.

நியூயார்க் மாநிலத்துல இதாக்கான்னு ஒரு சின்ன ஊரு, மேட்டு மேல கார்னெல் யுனிவர்சிட்டி. அங்க கறுப்பின மாணவர்கள் இருந்ததே கொஞ்சம் பேருதான், அதுல 1904-05ல படிச்ச ஆறு பேரு அடுத்த வருஷம் திரும்பி வரவே இல்ல. ஆறு பேருங்க! அப்ப மிச்சம் இருந்தவனுக்கு என்ன தோணியிருக்கும், அடுத்தது நான்தானோன்னு தோணாதா? கீழ ஊருக்குள்ள கறுப்பினக் குடும்பங்க வீட்டுல ரூம் எடுத்துத் தங்கி, பனி கொட்டுற காலைல அந்த மேடு ஏறி கிளாஸுக்குப் போகணும், பக்கத்துல பேச ஆள் இல்ல. சில பேரு செலவுக்காக வெள்ளை மாணவர்களோட ஃப்ராட்டர்னிட்டி வீட்டுல பரிமாறுற வேலை பார்த்தாங்க. அங்க ஒரே மேசைல சீனியரும் ஜூனியரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடறான், ஒருத்தனுக்கு ஒருத்தன் கைகொடுக்கறான், தட்டைத் தூக்கிட்டு நிக்கறவன் அதைப் பார்த்துட்டே நிக்கறான். நமக்கும் இப்படி ஒண்ணு வேணும்னு அங்கதான் தோணுச்சு.

இதுல பாருங்க, அவங்களுக்குள்ளயே ஒரு பட்டிமன்றம் நடந்திருக்கு! முதல்ல சேர்ந்து படிக்கற ஒரு இலக்கிய வட்டமாத்தான் கூடினாங்க, பாயிண்டெக்ஸ்டர்னு ஒரு முதுகலை மாணவர்தான் தலைமை. படிப்பு வட்டம் போதும், ஃப்ராட்டர்னிட்டி வேணாம்ங்கறது அவர் பக்கம். புத்தகம் மட்டும் பத்தாது, கூடப் பொறந்தவன் மாதிரி ஆள் வேணும்ங்கறது இந்தப் பசங்க பக்கம். 1906 டிசம்பர் 4, இவங்க பக்கம் ஜெயிச்சுது. கல்லிஸ், சாப்மன், ஜோன்ஸ், கெல்லி, மர்ரே, ஓகிள், டாண்டி, இந்த ஏழு பேரு. சங்கத்துக்குப் பேரு ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா, இதாக்கா கிளைதான் ஆல்ஃபா சாப்டர், தாய்க் கிளை. மறு வருஷமே, கறுப்பின மாணவர்கள் அதிகம் படிக்கற ஹோவர்ட் யுனிவர்சிட்டில ரெண்டாவது கிளை.

அந்த ஏழு பேரு என்ன ஆனாங்க? டாண்டி நியூயார்க் மாநிலத்துல பதிவு பெற்ற முதல் கறுப்பின ஆர்க்கிடெக்ட். கல்லிஸ் டாக்டர். ஜோன்ஸ், கறுப்பின மக்களோட முன்னேற்றத்துக்காக உழைக்கற நேஷனல் அர்பன் லீக்ங்கற அமைப்பை வருஷக்கணக்கா நடத்தினவர்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது 1935ல நடந்தது. டொனால்ட் மர்ரேன்னு ஒரு பட்டதாரி, அந்த ஏழு பேருல வர்ற மர்ரே இல்ல, இவர் வேற, மேரிலேண்ட் சட்டக் கல்லூரிக்கு அப்ளை பண்றாரு, கறுப்பினத்தவன்னு சொல்லி இடம் இல்லன்னுட்டாங்க. அந்த வழக்கைத் தொடங்கி வெச்சது இந்த ஃப்ராட்டர்னிட்டி. கோர்ட்ல நின்னு வாதாடினவங்கள்ல ஒருத்தர் தர்குட் மார்ஷல், அவரும் இதே சங்கத்து ஆளு, அதே கல்லூரி நமக்கு இடம் தராதுன்னு தெரிஞ்சு ஹோவர்டுக்குப் போய்ப் படிச்சவரு! ஜெயிச்சாங்க, மர்ரே உள்ள போய்ப் படிச்சாரு. அந்த மார்ஷல்தான் 1967ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டோட முதல் கறுப்பின நீதிபதி. சொல்லும்போதே எனக்கு சிலிர்க்குது.

மார்ட்டின் லூதர் கிங் 1952ல பாஸ்டன்ல இதே சங்கத்துல சேர்ந்தவரு. வாஷிங்டன்ல இன்னிக்கு நிக்குதே அவரோட நினைவிடம், அந்த யோசனையை 1984ல எடுத்தவங்க இந்த சங்கத்து உறுப்பினர்கள், 2011ல திறக்கற வரைக்கும் விடல. 27 வருஷம்ணே! கும்மாளம் போடற கூட்டம் 27 வருஷம் ஒரே வேலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்குமா?

ராகிங்குக்கு வரேன். இந்த சங்கத்துலயும் அது இருந்துச்சு, மூடி மறைக்க மாட்டேன். 1990ல இவங்களும் மத்த கறுப்பின ஃப்ராட்டர்னிட்டிகளும் சேர்ந்து, புதுசா வர்ற பையனை மாசக்கணக்கா அலைக்கழிக்கற அந்தப் பழைய முறையையே நிறுத்தறோம்னு அறிவிச்சாங்க. அதோட எல்லாம் சரியாயிடுச்சான்னா, இல்ல, ராகிங் பண்றவனை வெளிய தூக்கிப் போடணும், அதுல அண்ணன் கையைப் பிடிச்சுக்கிட்டு நானும் நிப்பேன். ஆனா அதுக்காக சங்கமே வேணாம்னா, பனியில தனியா மேடு ஏறிப் போற அந்தப் பையனுக்கு யாருண்ணே துணை? எதிரணில அடுத்துப் பேச வர்றவங்க இதுக்கு மட்டும் பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.