மாமாவின் விசைப்படகில் அரிக்கமேட்டுக்கு ஒரு ரவுண்டு

வணக்கம் மக்களே, காற்றுச் சத்தம் கொஞ்சம் அதிகமாகத்தான் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள், மைக்கில் மாட்டியிருந்த பஞ்சு கடலூர் முதுநகர் துறைமுகத்திலேயே பறந்து தண்ணீரில் விழுந்துவிட்டது. மாமாவின் விசைப்படகில் இருக்கிறேன். வலையும் இல்லை, ஐஸும் இல்லை. புதுச்சேரி தேங்காய்த்திட்டில் ஒரு பழைய வின்ச்சு, அதாவது கயிற்றைச் சுற்றி இழுக்கிற மெஷின், விலை பேசி வைத்திருக்கிறார், அதை ஏற்றிவரப் போகிறார்கள், நானும் தொற்றிக்கொண்டேன்.

உப்பனாற்று வாயைத் தாண்டி வடக்கே திரும்பியாச்சு. இடது பக்கம் தெரிகிறதே, அதுதான் தேவனாம்பட்டினம். சில்வர் பீச்சுக்கு நூறு தடவை வந்து பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறேன், இங்கே எதற்கு செயின்ட் டேவிட் கோட்டை என்று ஒருநாளும் யோசித்ததில்லை. கடலில் இருந்து பார்த்தால் சட்டென்று பிடிபடுகிறது. கரை முழுக்க ஒரே மணல், கெடிலம் ஆறு வந்து விழுகிற இடத்தில்தான் ஒரு வாய். அந்த வாய்க்குப் பக்கத்தில் பீரங்கியோடு உட்கார்ந்தவன்தான் முதலாளி.

1690இல் இங்கிலீஷ்காரர்கள் மராத்தியரிடம் இதை வாங்கியபோது, பீரங்கியில் சுட்டால் குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரைக்கும் உள்ள ஊரெல்லாம் சேர்த்துத்தான் பேரம். குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அந்தக் குண்டுதான் இது. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும் 1752 வரைக்கும் இங்கிலீஷ்காரர்களுடைய தலைமையிடமே இங்கேதான். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து பிடித்து இடித்துத் தள்ளினார். மிச்சம் ஆற்றோரம் புதருக்குள்ளே கொஞ்சம் செங்கல் சுவர். ஜூம் போட்டுப் பார்த்தேன், பனைமரம்தான் வந்தது.

தாழங்குடா, தென்பெண்ணை முகத்துவாரம் எல்லாம் டீ குடிப்பதற்குள் போய்விட்டன.

தேங்காய்த்திட்டு வாயில் வீடியோ இல்லை, மன்னிக்கவும். படகு ஓட்டுகிற ஸ்ராங்கு அண்ணன் வேகத்தைக் குறைத்தார், நீலமாக இருந்த தண்ணீர் பால் டீ மாதிரி மாறியது, அடியில் ஏதோ உரசியது, படகு அப்படியே நின்றுவிட்டது. “மாப்ள, கேமராவ வெச்சிட்டு கயித்தப் பிடி”ன்னு மாமா கத்தினார். மூங்கிலை விட்டுப் பார்த்தால் இடுப்பளவுகூட இல்லை, மணல். தண்ணீர் ஏற ஒண்ணேகால் மணி நேரம் காத்திருந்தோம். இந்தக் கரையில் வருஷத்தில் பெரும்பாலான மாதம் அலை மணலை வடக்கே தள்ளிக்கொண்டே போகும், நடுவில் ஆற்று வாய் வந்தால் அதை அடைக்கும். 1980களில் கல் போட்டுத் தடுத்தார்கள், மணல் தெற்கே தேங்கியது, வடக்கே புதுச்சேரி பீச் கரைந்தது.

இந்த வாயில் வந்து விழுகிற அரியாங்குப்பம் ஆற்றில் கொஞ்சம் உள்ளே போனால் அரிக்கமேடு, நான் ஆட்டோவில் போனேன். 1945இல் தொல்லியல் ஆய்வாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டி ரோமானிய ஒயின் ஜாடித் துண்டு, இத்தாலியிலிருந்து வந்த சிவப்புப் பாண்டம் எல்லாம் எடுத்த இடம். தோண்டிய குழிகளை மூடிவிட்டார்கள், அதனால் பெரிசாக எதிர்பார்த்துப் போகாதீர்கள், மேடும் மாமரமும்தான். எல்லோரும் தம்ப்நெயிலில் போடுகிற அந்த இடிந்த செங்கல் சுவர் ரோமானியர் கட்டியது கிடையாது மக்களே, 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டியது. நானே போன வருஷம் ஷார்ட்ஸில் தப்பாகச் சொன்னேன், அதை எடுத்துவிடுகிறேன்.

கால்மாட்டில் ஒரு ஓட்டுத் துண்டு கிடந்தது, கட்டைவிரல் அளவு, ஒரு பக்கம் கறுப்பு, உள்பக்கம் சக்கரத்தில் சுற்றிய வரி அப்படியே விரலுக்குத் தட்டுப்படுகிறது. எந்தக் காலத்து ஓடோ! இங்கிருந்து எதையும் எடுத்துப்போகக் கூடாது, கேமராவில் காட்டிவிட்டு அதே இடத்தில் வைத்துவிட்டேன். இருங்க, மாமா கூப்பிடுகிறார்... “தண்ணி வத்துறதுக்குள்ள வந்துரு மாப்ள, இல்லன்னா பஸ்ஸுல வா.” சரி, நான் ஓடுகிறேன்.